அவஸ்தை பூசிய உடம்பு

முதலில் வந்தது நாற்றம்தான். காய்ச்சலும் இருமலும் யாருக்குத்தான் வரவில்லை? எங்கள் மரக்காணம் உப்பளத்தில் நிற்கிறவனுக்குத் தை மாதப் பனியில் இருமல் வருவது ஒரு சேதியா? ஆனால் என் புருஷன் சேவியர்ராஜ் இருமினால் வீடே நாறியது. எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்று பெட்டிக்கு அடியிலும் பானைக்குப் பின்னாலும் தேடிப் பார்த்தேன். நாற்றம் அவர் வாயிலிருந்து வருகிறது என்று பிறகுதான் தெரிந்தது. எச்சிலைப் பார்த்தால் பச்சையும் மஞ்சளுமாகச் சீழ்.

ஊர் சும்மா இருக்குமா? டி.பி. என்று முடிவு கட்டிவிட்டது. அவர் பக்கத்தில் நின்று உப்பு வாருகிறவர்கள் ஒரு வரப்பு தள்ளி நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்களைச் சுற்றிப் பாய் வெறுமையாகக் கிடந்தது. வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை, முந்தானை மட்டும் மூக்குக்குப் போனது. அவ்வளவு பெரிய மனசு எங்கள் ஊர்க்காரர்களுக்கு.

அவருடைய அண்ணன் அமிர்தசாமி எங்கள் ஊர் உபதேசியார். சாமியார் வராத நாட்களில் கோயிலில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவதும், சாகக் கிடக்கிறவன் வீட்டுக்குச் சாமியாருக்கு முன்னால் மணியடித்துக்கொண்டு போவதும் அவர் வேலை. தம்பி குடிக்கிறான் என்று பல வருஷமாக அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. குடித்தது உண்மைதான், நான் மறைக்கப் போவதில்லை. மதுவிலக்கு மறுபடி வந்த பிறகும் இவருக்குப் பாண்டிச்சேரி எல்லை இருந்தது, அங்கே போகிற உப்பு லாரியும் இருந்தது. அப்படி ஒரு நாள் குடித்துவிட்டு வந்து கொட்டகையில் மல்லாந்து கிடந்தவர் தூக்கத்திலேயே கக்கி, அது புரையேறி நெஞ்சுக்குள் போயிருக்கிறது. வியாதியின் மூலம் அதுதான் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் ராஜாங்கம் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எனக்கும் காட்டினார். டி.பி. இல்லை, வலது நுரையீரலில் சீழ்க்கட்டி என்றார். அதைக் கேட்டதும் எனக்கு வந்த முதல் நினைப்பு, ஊருக்குப் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று இதைச் சொல்லவேண்டும் என்பதுதான். அப்படி ஒரு வீம்பு எனக்கு.

பெனிசிலின் ஊசி போட்டார்கள். போட்டுக்கொண்டே இருந்தார்கள். இடுப்பில் ஊசி குத்த இடமில்லாமல் போனது. காய்ச்சல் காலையில் இறங்கும், சாயங்காலம் ஏறும். சீழ் குறையவில்லை. அந்த வார்டில் சகாயமேரி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். அவள்தான் எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தாள். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்கு மேலே உடம்பைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். தலை தரையைப் பார்க்க, அவர் கையை ஊன்றிக்கொள்வார். நான் உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டவேண்டும். தட்டத் தட்ட இருமல் வரும், இருமலோடு சீழ் கொட்டும். கீழே பேசின். மற்ற நோயாளிகள் அடுத்த பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் திரும்பவில்லை. அந்த நாற்றம் வெளியே வர வர அவருக்கு மூச்சு லேசாகும், எனக்கு அது போதும்.

சகாயமேரி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவாள்.

“அக்கா, இவரு எப்பவும் வலது பக்கமா ஒருக்களிச்சுத்தான் படுக்கணும். மல்லாந்து மட்டும் படுக்கவே கூடாது. உள்ள இருக்கிற சீழு உடைஞ்சு நல்ல பக்கத்துக்குப் போயிட்டா, தண்ணில மூழ்கினா மாதிரி ஆயிடும். ஆளு நிமிஷத்துல போயிடுவாரு.”

ஒரு வாரம் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டார். ஊசி மட்டும் போதாது என்றார். கட்டியைச் சுற்றித் தடிப்பாகச் சுவர் மாதிரி ஆகிவிட்டது, மருந்து உள்ளே போகவில்லை. விலாவில் சின்னதாக வழி செய்து குழாய் வைத்துச் சீழை வெளியே எடுக்கவேண்டும், அப்புறம்தான் ஊசி வேலை செய்யும். அதற்கும் அடங்கவில்லை என்றால் பின்னால் அந்தத் துண்டு நுரையீரலையே எடுக்கவேண்டி வரலாம். வியாழக்கிழமை குழாய் வைக்கலாம் என்றார்.

நான் வந்து இவரிடம் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் சிரித்தார்.

“நம்ம பாத்தி கதைதான்டி இது. உப்பு வாரின பிறகு நிக்கிற கசப்புத் தண்ணிய வடிக்காம மேல மேல புதுத் தண்ணி பாய்ச்சினா உப்பு நல்லா வருமா? வடிச்சு உடுவாங்க, உடட்டும்.”

அவர் சிரித்து நான் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது! அப்போது எனக்கு நம்பிக்கை வந்தது. வியாழக்கிழமை எப்போது வரும் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் பங்குக் கோயிலில் பெரிய சாமியாருக்கு உதவியாக இருக்கிற சின்ன சாமியார் ஏசுராஜ் வந்தார். மடத்தில் படித்து முடித்து வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. மோட்டார் சைக்கிளில் கிராமம் கிராமமாகச் சுற்றுவார், எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நல்ல பிள்ளை, அதிலொன்றும் குறையில்லை. நான் வெந்நீர் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது அவர் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு, இவர் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். வெந்நீர்ச் செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டேன். சாகப் போகிறவனுக்குச் சாமியார் எண்ணெய் பூசிச் செபம் சொல்வதை எங்கள் பக்கம் அவஸ்தை பூசுவது என்போம். எங்கள் ஊரில் அவஸ்தை பூசினவன் எவனும் எழுந்து நடந்ததில்லை. மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கும்போது சாமியாரைக் கூப்பிட்டால் எப்படி எழுந்து நடப்பான் என்று யாரும் கேட்டதும் இல்லை.

சாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இப்போது சபை முறையை மாற்றிவிட்டது, இதற்குப் பேரே ‘நோயில் பூசுதல்’ என்றுதான், சாகிறவனுக்கு மட்டும் இல்லை, ஆப்பரேஷனுக்குப் போகிறவனுக்குத் தெம்பு கொடுப்பதற்கும்தான் என்று பொறுமையாகச் சொன்னார். டாக்டர் சொன்னது எனக்கு எப்படிப் புரிந்ததோ அதேபோல இதுவும் புரிந்தது. இவரும் பூசிக்கொண்ட பிறகு தெளிவாகத்தான் இருந்தார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் மத்தியானம் என் மாமியார் ஆனந்தம்மாளும் அமிர்தசாமியும் வந்தார்கள். ஆப்பரேஷன் என்று சேதி போயிருந்தது. அண்ணன் வார்டு வாசலிலேயே தயங்கி நின்றார். பல வருஷத்துக்குப் பிறகு தம்பி முகத்தைப் பார்க்கிறார். அண்ணன் மனசு குளிர ஏதாவது சொல்லவேண்டுமே என்று இவர் நினைத்திருப்பார் போல. சின்ன சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனார் அண்ணே என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். அமிர்தசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். என் மாமியார் வாயில் அடித்துக்கொண்டு கத்தின கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முறை மாறினதைச் சொன்னேன், சாமியார் வாயாலேயே சொன்னதைச் சொன்னேன். அமிர்தசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஏம்மா, சாவப் போறான்னு பொண்டாட்டிகிட்ட யாராவது சொல்லுவாங்களா? உன் மனசு ஒடையக் கூடாதுன்னு அப்படிச் சொல்லியிருக்காரு. டாக்டரு கைய விரிச்சிருப்பாரு, சாமியாரு எண்ணெய எடுத்துக்கிட்டு வந்திருக்காரு. எத்தினி வீட்டுக்கு நான் மணியடிச்சுக்கிட்டுப் போயிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

இந்த நியாயத்துக்கு நான் எங்கே போய்ப் பதில் தேடுவது? சாமியார் சொன்னார் என்றால், அப்படித்தான் சொல்லுவார் என்கிறார். டாக்டர் சொன்னார் என்றால், அவரும் அப்படித்தான் சொல்லுவார் என்கிறார். உண்மையைச் சொன்னதே பொய்க்குச் சாட்சியாகிவிட்டது. பூசின உடம்பில் கத்தி படக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய், மாதா படம் வைத்த பீடத்தைப் பார்க்கப் படுக்கவைத்து நல்ல சாவுக்கு ஒப்புக்கொடுப்பதுதான் முறை என்று அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

டாக்டர் ராஜாங்கம் வந்தார். குழாய் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார், வைக்காவிட்டால் கஷ்டம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அமிர்தசாமி கைகட்டி மரியாதையாகக் கேட்டுவிட்டு, உயிருக்கு உத்தரவாதம் தருவீர்களா என்றார். எந்த யோக்கியமான டாக்டர் தருவார்? அப்படி யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். அமிர்தசாமி என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பதுபோலத் தலையை ஆட்டினார். மதம் சம்பந்தமான விஷயத்தில் தான் தலையிட முடியாது, நோயாளியே சொல்லட்டும் என்று டாக்டர் இவரைப் பார்த்தார்.

இவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கை இன்னும் இவர் கைக்குள் இருந்தது.

“அண்ணன் சொல்றபடியே செய்ங்க” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே நாலு அறை அறைந்திருப்பேன். எண்ணெய் பூசின உடம்பு என்று விட்டுவிட்டேன்.

உப்பை இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரியில் சாக்கு விரித்துக் கொண்டுவந்தோம். வலது பக்கம் ஒருக்களிக்க வைத்து அவர் தலையை என் மடியில் பிடித்துக்கொண்டேன். பொம்மையார்பாளையம் தாண்டியதும் பாதை தூக்கித் தூக்கிப் போட்டது. எதிரே அமிர்தசாமி செபமாலை சொல்லிக்கொண்டே வந்தார். நானும் பதில் சொன்னேன். வாய் தன்பாட்டுக்குச் சொன்னது, மனசு அவரைத் திட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் வந்து பார்த்தால் திருவிழாக் கூட்டம். ஒரு வரப்பு தள்ளி நின்றவர்களெல்லாம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். முந்தானையை மூக்கில் வைத்தவர்கள் அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஆள் பிழைக்கமாட்டான் என்று தெரிந்தால் நாற்றம்கூடத் தெரியாது போலிருக்கிறது. இவருக்கோ பரம சந்தோஷம். அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், தன் கையால் கஞ்சி ஊட்டுகிறார், ராஜா என்று சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி கூப்பிடுகிறார். செத்தால்தான் கிடைக்கும் என்றால் அந்த மரியாதை எதற்கு?

நான் விடவில்லை. காலையிலும் சாயங்காலமும் அவரைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு முதுகில் தட்டினேன். பூசின உடம்பை அடிக்கிறாளே பாவி என்று மாமியார் தெருவுக்கே கேட்கும்படி அழுதார். ஒரு நாள் அமிர்தசாமி வந்து என் கையைத் தடுத்தார். ஆத்துமா அமைதியாகப் போகவேண்டிய நேரத்தில் இப்படித் தலைகீழாகத் தொங்கவிட்டால் என்ன அர்த்தம் என்றார்.

“அவரு இன்னும் சாவல மாமா” என்றேன். “செத்த பிறகு நீங்க சொல்றபடி படுக்க வெக்கிறேன். இப்ப கைய எடுங்க.”

கையை எடுத்தார். முகம் செத்துப்போனது அவருக்கு. அன்றைக்கு எனக்குத் துளிகூட இரக்கம் வரவில்லை.

உப்பளத்தில் என்னோடு வேலை செய்கிற ஆராயிதான் துணை. மாரியம்மனைக் கும்பிடுகிறவள், எங்கள் எண்ணெய்ச் சமாச்சாரமெல்லாம் அவளுக்குத் தெரியாது. பேசினைப் பிடிப்பாள், சீழை மணலில் புதைப்பாள், நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் இவர் மல்லாந்துவிடாமல் முதுகுக்குத் தலையணை கொடுத்துக் காவல் இருப்பாள். சகாயமேரி சொன்னதை அவளுக்கு அப்படியே சொல்லியிருந்தேன்.

சீழ் கொட்டக் கொட்டக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று கேட்டார். உயிர் போவதற்கு முன்னால் இப்படித்தான் தெளிவு வரும் என்று ஊர் தலையாட்டியது. என்னத்தைச் சொல்ல! சோர்ந்தால் சாகப் போகிறான், சாப்பிட்டாலும் சாகப் போகிறான். ஆனால் தட்டுவதால் மட்டும் இது தீராது என்று எனக்குத் தெரியும். கொட்டுகிற அளவுக்கு உள்ளே மறுபடி சேர்ந்துகொண்டே இருந்தது. குழாய் வைத்தாக வேண்டும். அண்ணன் இல்லாத நேரம் பார்த்து அதை அவரிடம் சொன்னேன்.

“எனக்குச் சாவ ஆசை இல்ல இன்னாசி” என்றார். “ஆனா பூசினது பூசினதுதானே? நானா எழுந்து போனா அண்ணன் மறுபடி மூஞ்சில முழிக்க மாட்டாரு. சின்ன சாமியாரு வந்து அவரு எதிர்ல ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளைக்கே லாரில ஏறிடறேன்.”

ஒரு வார்த்தை. அதற்காக நான் கிளம்பினேன். ஆராயியைக் காவல் வைத்துவிட்டுச் சாமியார் வீட்டுக்கு ஓடினேன். சின்ன சாமியார் இல்லை, பெருமுக்கல் பக்கம் ஒரு கிளைக் கிராமத்துக்குப் போயிருந்தார். பெரிய சாமியார் இருந்தார். அவரிடமே கேட்டேன். சாமி, எண்ணெய் சாவுக்கு மட்டும் இல்லை என்று நீங்களே வந்து சொல்லுங்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை. அது உண்மைதான், ரோமையிலிருந்து வந்த உத்தரவுதான் என்றார். அப்படியென்றால் கோயிலில் ஒரு நாள்கூட ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஜனங்களுக்குப் பக்குவம் போதாது, தலைவலிக்கெல்லாம் எண்ணெய் கேட்பார்கள், மெதுவாகச் சொல்லலாம் என்று இருந்தாராம். தான் இப்போது வந்தால் ஜனங்கள் இன்னும் கலங்கிப் போவார்கள், பூசினவனே போய்ச் சொல்வதுதான் சரி என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. நேரமில்லை. திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தேன்.

சின்ன சாமியாரைச் சிற்றாலய வாசலில் கண்டுபிடித்தேன். சுற்றிலும் ஜனங்கள். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. ஆப்பரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருப்பார் என்றல்லவா நினைத்தேன் என்றார். பேச்சை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

“நானும் பின்னால உக்காந்துக்கறேன் சாமி” என்றேன்.

அவர் வண்டியைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். ஒரு கல்யாணமான பொம்பளையைச் சாமியார் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மரக்காணம் வரைக்கும் போனால் எத்தனை வாய் பேசும் என்று எனக்கும் தெரியும்தான்.

“நீங்க பஸ்ல வந்துடுங்கம்மா. நான் முன்னாடி போய்ப் பேசிடறேன், ஒன்னும் பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் காத்திருந்தேன். வந்ததும் ஏறி உட்கார்ந்தேன். என் மனசில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. நாளைக்கு எந்த லாரி பாண்டிச்சேரிக்குப் போகும், யாரிடம் கேட்பது, டாக்டர் கோபிப்பாரா, கோபித்தால் காலில் விழுந்துவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். உப்பளம் கண்ணில் பட்டதும் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பஸ்ஸைவிட்டு இறங்கும்போது சாவு மணி அடித்தது.

ஆராயி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். மூச்சு வாங்க வாங்க அவள் சொன்னதைக் கேட்டேன். தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் யாரோ உள்ளே வந்து சாமியார் வருகிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் கூப்பிடாமல் சாமியார் ஏன் வரவேண்டும்? அமிர்தசாமிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். நேரம் வந்துவிட்டது, ஆண்டவரே அனுப்பியிருக்கிறார். சாமியார் வரும்போது சுவர்ப் பக்கம் ஒருக்களித்துக்கொண்டா கிடப்பது? மெழுகுவர்த்தியை ஏற்றச் சொன்னார். முதுகுத் தலையணையை உருவினார். தம்பியை மல்லாக்கப் புரட்டிப் பீடத்தைப் பார்க்கப் படுக்கவைத்தார். கையைக் கூப்பவைத்துச் செபமாலையைச் சுற்றினார். ஆராயி வேண்டாம் வேண்டாம் என்று கத்தியிருக்கிறாள். உனக்கு எங்கள் வேதத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அவளை வெளியே தள்ளிவிட்டார்கள். இவர் புரள முயன்றாராம். இருமினாராம். அண்ணன் இரண்டு தோளையும் மெதுவாக அழுத்திக்கொண்டு, “அசையாத ராஜா, சாமியாரு வந்துட்டாரு” என்றாராம். இருமல் அடங்கியது. வாயோரம் சீழ் வழிந்தது, முகம் நீலமாகிவிட்டது.

இது சாவுக்கு இல்லை என்று சொல்ல வந்த சாமியார், வாசப்படி ஏறும்போதே சாகிறவனைப் பார்த்தார். அவர் என்ன செய்வார்? முழங்காலில் நின்று சாகிறவனுக்கு உரிய செபத்தைச் சொன்னார்.

அடக்கத்துப் பூசையில் ஒருவழியாகப் பிரசங்கம் வைத்தார்கள். முறை மாறிவிட்டது, எண்ணெய் நோயாளிக்குத் தெம்பு கொடுப்பதற்கு, பயப்படக்கூடாது என்று சின்ன சாமியார் சொன்னார். எல்லாரும் ஆமென் என்றார்கள். வெளியே வந்து, பூசினவன் எங்கே பிழைத்தான், எண்ணெய் பொய் சொல்லுமா என்று பேசிக்கொண்டார்கள். சாமியார் வந்து நிற்கவும் உயிர் போகவும் சரியாக இருந்தது, என்ன பாக்கியம், இப்படி ஒரு நல்ல சாவு யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். அமிர்தசாமி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். அவர் அழுவது நடிப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நடிப்பாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். எனக்கும் அவர்தான் அரிசி கொண்டுவந்து போடுகிறார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சின்ன சாமியார் வீட்டுக்கு வந்தார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அந்தக் கட்டிலைப் பார்த்தபடி நின்றார். நான் உட்காரச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று வந்திருக்கிறார், பாவம்.

“கடைசில அவரு முகத்த நான் பாத்தேம்மா” என்றார். “நேரா மல்லாந்து, கைகூப்பி, பீடத்தையே பாத்துக்கிட்டு அழகா இருந்தாரு. அத நெனச்சு நீங்க மனசத் தேத்திக்கணும்.”

அழகாம். யாரும் இதுவரைக்கும் அவருக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொல்லாமலே விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

“அவரு மல்லாந்து படுக்கவே கூடாது சாமி” என்றேன். “ஆஸ்பத்திரில தலை தலையா அடிச்சுக்கிட்டாங்க. மல்லாத்தினதும் உள்ள இருந்த சீழெல்லாம் நல்ல பக்கத்துக்கு ஓடிடுச்சு. அவரு பீடத்தப் பாக்கல, மூச்சுக்குத் தவிச்சாரு. நீங்க வர்றீங்கன்னுதான் அவரைப் பொரட்டிப் போட்டாங்க. அன்னிக்கு என்னையும் வண்டில ஏத்திக்கிட்டு வந்திருந்தா, எறங்கினதும் மொதல் வேலையா நான் அவரத் திருப்பிப் போட்டிருப்பேன்.”

சாமியார் எழுந்து வெளியே போனார். எதிர் வீட்டுக்காரர்கள் தோத்திரம் சொன்னதுகூட அவர் காதில் விழவில்லை. மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.